சொல்தா கொடுத்த பரோல்

அந்துவான் இறந்துபோன செய்தியை யாரும் வந்து எனக்குச் சொல்லவில்லை. நானே சுவரில் படித்துத் தெரிந்துகொண்டேன். கிழவனான பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக்கூட்டக் கற்றவன் நான். அதிலிருந்து பேருந்துப் பலகை, பிஸ்கட் உறை, கோயில் நோட்டீஸ் என்று எது கண்ணில் பட்டாலும் நின்று வாய்விட்டுப் படிப்பேன். அந்தச் சந்தோஷம் சின்ன வயதிலேயே படித்துவிட்டவர்களுக்குப் புரியாது. நோணாங்குப்பம் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒட்டியிருந்த போஸ்டரையும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். ‘கடலின் காவலர்’ என்று கூட்டி முடித்து அடுத்த வரிக்குப் போனேன். ‘சொல்தா அந்துவான்’ என்று இருந்தது. மேலே கறுப்புப் பட்டையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்ததைக் கடைசியில்தான் பார்த்தேன்.

போஸ்டரில் அவர் முகம் தபால்தலை அளவு. அஞ்சலி செலுத்துகிறவர்களின் முகங்கள் பெரிது பெரிதாக இருந்தன. உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு நாற்காலி காட்டாதவர்கள் அதில் கைகூப்பி நின்றார்கள்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனோடு திரும்பி வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். இவர் டவுனில் வீடு கட்டிக்கொண்டு, காலையில் காற்று வாங்க வீராம்பட்டினம் கடற்கரைக்கு வருவார். எங்களைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு ‘போன்ஜூர்’ என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

ஒரு நாள் ஓங்கல் ஒன்று உயிரோடு கரையில் ஒதுங்கியது. டால்பினை நாங்கள் ஓங்கல் என்போம். வாலில் கயிற்றைக் கட்டிக் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தோம். சொல்தா ஓடி வந்தார்.

“வாலை இழுக்காதீங்கய்யா! அதுக்கு மூக்கு தலை மேல இருக்குது. தலைகீழா இழுத்தா தண்ணி உள்ள போயி சாவும்.”

மூச்சுத் துளை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி அதை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி நனைத்து அதன் முதுகில் போட்டார். வெயில் ஏறும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். அது செத்துப்போனது. மீன்கூடையோடு நின்ற அஞ்சலை கேட்டாள்: “ஏன் சொல்தாரே, ஓங்கலுக்கு மட்டும்தான் சட்டை கழட்டுவீங்களா?” கரையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து காற்று வாங்க வரவில்லை. எங்களோடு சண்டை போட வந்தார்.

சண்டை இதுதான். ஓங்கல் வலையில் சிக்கிச் செத்தால் நாங்கள் கரைக்குக் கொண்டுவர மாட்டோம். ஓங்கலைக் கொல்வது சட்டப்படி குற்றம், அதிகாரிகள் பிடித்தால் கேஸ். அதனால் மிதக்காமல் இருக்க வயிற்றைக் கிழித்து, மணல் மூட்டை கட்டி ஆழத்தில் விட்டுவிடுவோம். செத்தது யாருக்கும் தெரியாது. தெரியாததால் எந்த இடத்தில், எந்த வலையில் சாகிறது என்பதும் தெரியாது. அது தெரிந்தால் அந்த இடத்தில் அந்த வலையை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம் என்பது அவர் கட்சி.

“உங்களுக்கு பிரான்சுலேருந்து பென்ஷன் வருது. எங்களுக்கு ஓங்கல் வந்து வலையைக் கிழிக்குது” என்றான் என் மகன்.

“கிழிக்கத்தான் செய்யும். அது மீன் இல்ல தம்பி. மூச்சு வாங்க மேல வரணும். உன் வலையில அது மூச்சு முட்டிச் சாவுது. கப்பல்ல இருந்தப்ப அப்படிச் செத்த மனுஷனைப் பார்த்திருக்கேன். ரெண்டுக்கும் ஒரே முகம்.”

என் மகன் கிழிந்த வலையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

பிறகு அவர் அலுவலகங்களுக்கு அலைந்தார். கடைசியில் ஒரு அதிகாரி, தெரியாமல் சிக்கியதைக் கொண்டுவந்து காட்டினால் கேஸ் கிடையாது என்று வாயால் சொன்னார். சொல்தா அன்று குதித்துக்கொண்டு வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த எல்லோரையும் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்து, “கொண்டாங்க, ஒண்ணும் ஆகாது. நான் பரோல் தர்றேன்” என்றார்.

எல்லோரும் முழித்தார்கள். “ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடியேவா?” என்று ஒருவன் கேட்டான். அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது முகம் சிவந்துவிட்டது. “ஐயய்யோ, பிரெஞ்சுல பரோல்னா வாக்குய்யா. ஒரு ஆம்பள குடுக்குற வாக்கு” என்றார். எங்களுக்குத் தெரிந்த பரோல் வேறு.

அந்த வாக்கை முதலில் நம்பியது எங்கள் படகு. பெரிய பெண் ஓங்கல் ஒன்று வலையில் செத்துக் கிடந்தது. என் மகன் கத்தியை எடுத்தபோது, கொண்டுபோவோம் என்று நான்தான் சொன்னேன். கரையில் பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சொல்தா போன் செய்தார். வந்த அதிகாரிகளும் பேப்பர்காரர்களும் படம் எடுத்தார்கள். என் மகனையும் ஓங்கலையும் சேர்த்து நிற்கவைத்து எடுத்தார்கள். மறுநாள் அந்தப் படம் பேப்பரில் வந்தது. ‘ராட்சத மீனை வேட்டையாடியவர் சிக்கினார்’ என்று போட்டிருந்ததாம். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. அஞ்சலையின் மகள் படித்துக் காட்டினாள்.

வாக்குக் கொடுத்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், “அவர் சொன்னதுக்கு எழுத்து எங்கே?” என்று கேட்டார்.

“எழுத்து எதுக்கு? சொன்னேனே, நான் சொன்னேனே” என்று மேசையைத் தட்டினார் சொல்தா. “கேஸ் போடணும்னா என் மேல போடுங்க. கொண்டாரச் சொன்னவன் நான்.”

அவர் மேல் போடவில்லை, என் மகன் மேல் போட்டார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து எங்களோடு கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றார். கரையில் அவரைப் பார்த்தாலே பொடியன்கள், “சொல்தாரே, பரோல் வந்துருச்சா?” என்பார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு ஓங்கலும் கரைக்கு வரவில்லை. எல்லாப் படகிலும் கத்தியும் மணல் மூட்டையும்தான்.

கடைசியாக அவரைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். பேசப் பேச மூச்சு வாங்கியது.

“கலியபெருமாள், இன்னும் அறுத்துத்தான் வுடுறீங்களா?”

“ஆமா சொல்தா.”

“பொய் சொல்லாததுக்கு மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், யார், சொந்தமா என்று கேட்டார். “இல்ல. என்னால கோர்ட்டுக்குப் போறவரு” என்றார் சொல்தா.

இரங்கல் கூட்டத்துக்கு நானும் போனேன். ஒருவர் அவரை ‘மீன்களின் தோழர்’ என்றார். கை தட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன். என் மகன் மேல் போட்ட கேஸ் இன்னும் நடக்கிறது. அதைப் பற்றி அந்த மேடையில் ஒருவரும் பேசவில்லை.

அவரை அடக்கம் செய்த வாரமே எங்கள் வலையில் இன்னொரு ஓங்கல் செத்தது. துறைக்கு நேர் கிழக்கே, சேற்றுத் தரையில், வவ்வால் மீனுக்கு விட்ட வலையில். குட்டி ஒன்று வலையைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். வழக்கப்படி கிழித்து ஆழத்தில் விட்டார்கள். யார் கை என்று எழுத மாட்டேன். நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது என் மகன் வந்து பக்கத்தில் நின்றான்.

“அதையுமா எழுதுற?”

“படகு என் பேர்லதான இருக்குது.”

“இந்த வயசுல கோர்ட்டுக்கு அலையப் போறியா?”

“அலையறேன். உன் கேசுக்கு வந்தப்ப அங்க சும்மா உக்காந்திருந்தேன். இப்ப போனா சுவத்துல இருக்கிறதெல்லாம் படிக்கலாம்.”

அவன் திட்டிக்கொண்டே போனான். ஆனால் தாளைப் பிடுங்கவில்லை.

அந்துவானிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் எங்களிடம் கேட்ட ஒரே ஒரு காரியத்தைத்தான். செத்தால் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன். எழுத்து எங்கே என்று கேட்டவர்களுக்கு, எழுத்து இதோ இருக்கிறது. மெதுவாகத்தான் எழுதினேன், பிழை இருக்கலாம். கேட்க வருகிறவர்கள் வீராம்பட்டினத்தில் கலியபெருமாள் வீடு எது என்று விசாரித்தால் யாரும் காட்டுவார்கள்.