மாதாவின் மேலாடையில் நண்டுகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் நான் தொடங்குவதில்லை. மில்லில் வேலை பார்க்கும் அப்பா சம்பளத்துக்குப் பெருவிரல் வைப்பார். நான் பிரெஞ்சிலும் போடுவேன், தமிழிலும் போடுவேன். ஞானோபதேசத்தை எங்கே கேட்டாலும் ஒப்பிப்பேன். விசுவாசம் இருந்ததா என்றால், அதைப் பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய மறுவருஷம், கோயில் திருவிழாவுக்கு வழக்கமாகப் பிரான்சிலிருந்து வரும் மாதாவின் மேலாடை வரவில்லை. நான் தைக்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். வருகிறவர்கள் எல்லாம் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே வந்தார்கள். கையில் ஊசி இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள் என்று நினைத்தேன்.

பள்ளியில் பூத்தையல் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ. மாசேர் என்றுதான் கூப்பிடுவோம். நீலப் பட்டும் வெள்ளி, தங்க ஜரிகை நூலும் தந்து, "ஓரமெங்கும் லீலி மலர்கள்" என்றார். லீலியை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவின் அடுப்படியில் பார்ப்பது நண்டு. அதன் ஓட்டின் வளைவும் கொடுக்கின் பல்லும் எனக்கு மனப்பாடம். மாசேரின் முகம் போகப்போகிற போக்கை நினைக்க நினைக்க ஊசி தானாக ஓடியது. ஓரம் முழுக்க வெள்ளி நண்டுகள்.

அம்மா குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி, ஒண்ணுத்து முதுகுலயும் சிலுவைய காணோம்?"

"நண்டுக்கு எதுக்கும்மா சிலுவ?"

"கடல்ல உழுந்த சிலுவைய புனிதருக்குத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துச்சே, அதுக்கு முதுகுல சிலுவ இருக்கும். அத நாம சட்டியில போடறதில்ல, கடல்லயே உட்டுடறோம். இது வெறும் கொழம்பு நண்டு. மாதாவுக்குக் கொழம்பா வைக்கப் போற?"

கதை எனக்கும் தெரிந்ததுதான். குறும்பு வேகத்தில் மறந்திருந்தேன். ஆனால் மாசேரிடம் வாதாட நல்ல நியாயம் கிடைத்துவிட்டதே! உடனே தங்க ஜரிகையை எடுத்தேன்.

ஓட்டின் நடுவில் சிலுவை போடக் கை ஆடக்கூடாது. அதற்காக ஒவ்வொரு சிலுவைக்கும் மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் ஒன்று சொன்னேன். ஒரு மத்தியானம் ஊசியைக் கீழே வைத்த பிறகும் வாய் நிற்கவில்லை. ஒப்பிக்கச் சொல்ல யாரும் இல்லை, மார்க்குப் போடவும் யாரும் இல்லை. எதிரே ஒருத்தி உட்கார்ந்து கேட்பதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு மாசேரின் முகம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மாதா இதை உடுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மாசேர் துணியை விரித்தார். வேதப்புத்தகத்தில் கற்ற தமிழில் கேட்டார்: "பெண்ணே, இது என்ன ஜெந்து?"

"சிலுவை நண்டு, மாசேர்."

"தேவமாதாவின் பேரில் நண்டு ஊர்வதா? பிரித்துப்போடு. இல்லையேல் பழைய மேலாடையே சாத்தப்படும்."

புனிதர் கதையைச் சொன்னேன். இறைச்சி ஆகாத வெள்ளிக்கிழமைகூட நண்டு தின்னத் தடையில்லையே என்றும் சொல்லிப் பார்த்தேன். மாசேர் சிரிக்கவில்லை, கத்தரியை நீட்டினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"பிரிக்க முடியாது மாசேர். ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு மந்திரம் சொல்லியிருக்கேன்."

"பரிகாசமோ?"

"ஆரம்பிக்கும்போது பரிகாசந்தான்."

மாசேர் கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவினார். எங்கும் ஒரு முடிச்சு இல்லை; அவர் சொல்லிக்கொடுத்த சுத்தம் அப்படியே இருந்தது. "முன்பக்கத்தைப் பூமாலைகளால் மறைத்துவிடுவேன்" என்றார்.

மறைத்தும்விட்டார். திருவிழாச் சுற்றில் மாசேர் பள்ளிப் பிள்ளைகளோடு சப்பரத்துக்கு முன்னால் நடந்தார். செபமாலை சொல்லும் பெண்கள் நாங்கள் பின்னால் நடந்தோம். முதுகுக்கு யார் மாலை போடுகிறார்கள்? மெழுகுவத்தி வெளிச்சத்தில் நண்டுகள் மின்ன, மந்திரம் பாதியில் நின்றது.

"அய்யே, நண்டுடி!"

"சிலுவ நண்டு! யாரு தச்சது?"

"எம் பொண்ணுதான்" என்றாள் அம்மா. "செபத்த சொல்லுங்கடி, அப்பால பேசிக்கலாம்."

சத்தம் கேட்டு மாசேர் திரும்பினார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லோரையும்விட உரக்க மந்திரம் சொன்னேன். பாதி சிரிப்புதான். மீதி நிஜமாகவே செபம்.