ஐம்பத்தைந்து கிலோ

மன்னார்த் தீவில் எனக்கொரு மீன்வாடி இருக்கிறது. இருபது வருடமாக மீன் வாங்கி விற்கிறேன். தராசில் போடுமுன்பே எடையைச் சொல்லிவிடுவேன், அரைக் கிலோகூடப் பிழைக்காது. இந்தக் கண்தான் என்னைக் கெடுத்தது.

நான் நூற்றிருபது கிலோ இருந்தபோது கணவர் விட்டுப் போனார். "உன்னோட கோயிலுக்கு வர வெக்கமாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, நானாட்டானில் ஒருத்தியோடு குடியேறினார். அவளை ஒரே ஒரு தடவை பஸ் நிலையத்தில் பார்த்தேன். முகம் நினைவில்லை. எடை நினைவிருக்கிறது: ஐம்பத்தைந்து.

கொழும்பில் வயிற்றைச் சுருக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். எந்த நிறைக்கு வர ஆசை என்று டொக்டர் கேட்டார். ஐம்பத்தைந்து என்றேன்.

"உங்கட உயரம், வயசு, துவங்கின நிறை எல்லாம் பாத்தா எண்பதுதான் சரி. அதுக்கு வந்தாலே பெரிய விஷயம். இந்த அம்பத்தஞ்சு எங்கயிருந்து வந்தது?"

"சும்மாதான்" என்றேன். ஐம்பத்தைந்துக்கு வந்தால் கணவர் திரும்பி வருவார் என்று நம்பியிருந்தேன். மானங்கெட்ட நம்பிக்கை.

ஒரு வருடத்தில் எண்பத்திரண்டுக்கு வந்தேன். அதோடு நின்றுவிட்டது. தினமும் வாடித் தராசில் ஏறிப் பார்ப்பேன். மீன் பெட்டியின் எடையில் ஐஸுக்கென்று இரண்டு கிலோ கழிப்பது என் வழக்கம், படகுக்காரர்கள் காலில் விழுந்தாலும் விடமாட்டேன். அதில் கடுப்பாகியிருந்த ஒரு படகுக்காரர், நான் தராசில் நிற்கும்போது எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "அக்கா, தொங்கிற தோலுக்கும் ரெண்டு கிலோ கழிச்சுப் பாருங்கோவன்."

வாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று அவருடைய பெட்டிக்கு மூன்று கிலோ கழித்தேன்.

அதன் பிறகு பட்டினி கிடந்தேன். ஒரு நாளைக்கு ஒரு இடியப்பம், அதுவும் பாதி வாந்தியில் போகும். தலைமயிர் கைநிறைய வந்தது. ஒருநாள் மீன் தண்ணீரில் மயங்கி விழுந்தேன். எழும்பியதும் தராசில்தான் ஏறினேன். எழுபத்தாறு.

டொக்டர் ஏசினார். "இது மெலிவில்லை, பட்டினி. ஒழுங்காச் சாப்பிட்டு எண்பதுக்குத் திரும்பி வாங்கோ." மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் ஒரு செத்த வீட்டுக்காக நானாட்டானுக்குப் போனேன். மாலை வாங்க ஒரு கடைப் படியில் ஏறினேன். வாசலில் என் கணவர் நின்றார், பக்கத்தில் அவள். என் கண் பிழைக்காது: தொண்ணூறு கிலோ. அவர் இரண்டு கையிலும் சாமான் பைகளோடு வியர்த்துக்கொண்டு, "மெல்ல வா, கால் நோகும்" என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒருநாளும் பேசாத குரல்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் என் முகத்தை நேரே பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு, எனக்காக அவர் வாய் திறந்தது.

"கொஞ்சம் வழி விடுங்கோ, அக்கா."

விட்டேன்.

அடுத்த கிளினிக்கில், நான் வரவேண்டிய நிறையை எண்பது என்றே எழுதச் சொன்னேன். டொக்டரால் நம்பமுடியவில்லை. "அப்ப அந்த அம்பத்தஞ்சு?"

"அவளே இப்ப தொண்ணூறு, டொக்டர்" என்றேன்.