முத்தல் பிடுங்கிய ஞாயிறு

கொத்மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோட்டோரமெல்லாம் காட்டுச் சூரியகாந்திதான். எங்கேயோ வெளிநாட்டிலிருந்து வந்த செடியாம். வெட்டிப் போட்டால் அடுத்த மழைக்கு ஆள் உயரம் நிற்கும். இலையைத் தொட்ட கையோடு சாப்பிட்டால் சோறும் கசக்கும்.

அந்தக் கசப்பைத் தேடித்தான் ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நான் மட்டும் நின்றதால் என்னிடம் பேசினாள். இலையிலிருக்கும் கசப்புப் பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்து, அது சர்க்கரை வியாதிக்கு உதவுமா என்று சோதிக்கிறாளாம்.

"நாளைக்கு ஒரு சாக்கு இலை சேத்து வைக்கிறீங்களாக்கா? அத எடுத்துக்கிட்டு ஹட்டன்ல மத்தியான ரயிலப் பிடிக்கணும். விட்டா திங்கக்கிழமை லேப் கிடைக்காது, மாசக்கணக்கா காத்துக் கிடக்கணும்."

தலையாட்டினேன். ஆட்கள் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். எப்படிப்பட்ட இலை என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே சாக்கை நிரப்பி வைத்தேன். அவள் வந்து பிரித்தாள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாம் ரெண்டு எலையும் ஒரு மொட்டுமா இருக்கே!"

எத்தனையோ வருடமாகத் தேயிலை பறித்த விரல்கள். என்னைக் கேட்காமலே கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளியிருக்கின்றன. அவளுக்கு வேண்டியது முற்றிய இலை. முன்பு சோதித்ததும் அதுதானாம், கலந்தால் கணக்குக் குழம்பிவிடுமாம்.

"நான் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாம் வாங்கடி! முத்தல் பிடுங்கணும்!" என்று கத்தினேன்.

"ஆத்தாடி, இவளுக்குத் தொண்ட இருக்கு!" என்று கேலி செய்துகொண்டே ஐந்து பேர் ஓடி வந்தார்கள்.

கூடையில் முத்தல் கிடந்தால் கங்காணியிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறவர்கள் நாங்கள். இன்றைக்கு முத்தல் மட்டும்! பக்கத்து வீட்டுக்காரியின் கை நேராக நுனிக்குப் போனது. பட்டென்று ஓர் அடி போட்டேன்.

"நான் என்னடி பண்ண, கை சொல்பேச்சுக் கேக்க மாட்டேங்குது!"

சிரிப்பை அடக்க முடியாமல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கங்காணி குடையோடு வந்தார்.

"என்ன, எல்லாம் முத்தலா?"

"ஆமாங்கய்யா. இன்னைக்குக் கொழுந்து வந்தா நாங்கதான் கழிப்போம்."

சொன்னது நான்தான். அவர் விழித்தார். பிறகு குடையை மடக்கிவிட்டு மூன்று இலை பிடுங்கி நீட்டினார்.

"இது சரியா பாரு."

"ஒன்னு எளசுங்க" என்று தூக்கி எறிந்தேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவரும்தான் சிரித்தார்.

சாக்கு நிறைந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது, "இது மருந்தாயிருமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. ஆகாமலும் போகலாம். யாரும் அவிச்சுக் குடிச்சிராதீங்க. இன்னும் இலை தேவப்பட்டா வருவேன்."

"வாங்க, வாங்க. செடி எங்கயும் போயிறாது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஆட்டோ போனபின் ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. ரயில் ஏறியதும் சொல்வதாக என் நம்பரை வாங்கிப் போயிருந்தாள்; என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அது அடித்தது.

"ஏறிட்டேன்க்கா! சாக்கு மடியில இருக்கு!"

லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓடினேன். பேசிப் பழகாத வீடுகளின் கதவையும் தட்டி, "ஏறிட்டாளாம்! ஏறிட்டாளாம்!" என்று சொல்லிக்கொண்டே போனேன்.