ஹனீபா காக்காவின் வெண்டிப் பெட்டிகள்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வெண்டித் தோட்டத்தில் நின்றபோது பாலமுனையிலிருந்து எங்கள் சங்கத் தலைவர் கூப்பிட்டார். "ஹனீபா காக்கா சுபஹுத் தொழுதுட்டு வந்து கதிரையில இருந்தவர், எழும்பவேயில்ல" என்றார். அன்று பெட்டி கட்டும் நாள். காக்கா நேரத்தோடு வந்து நின்று கேலி பண்ணுவாரே என்று அவசர அவசரமாகக் காய் பறித்துக்கொண்டிருந்தேன். கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அன்று யாரும் பெட்டி கட்டவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஹனீபா காக்கா கட்டாரில் மரக்கறி மொத்தச் சந்தையொன்றில் பல வருடங்கள் வேலை செய்தவர். ஊர் உலகத்துக் காய்கறியெல்லாம் விமானத்தில் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, எங்கள் பக்கத்துக் காய் மட்டும் ஏன் வரவில்லை என்ற ரோசத்தோடு பாலமுனைக்குத் திரும்பி வந்தவர். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று தோட்டம் செய்யும் பாலமுனைக்காரரையும் எங்கள் ஆலையடிவேம்புக்காரரையும் ஒரே சங்கமாக்கி, எங்கள் வெண்டிக்காயையும் காரமான பச்சைக் கொச்சிக்காயையும் மாலைதீவுக்கு அனுப்பி வைத்தவர். நான் அந்தச் சங்கத்தின் செயலாளர்.

முதன்முதலாக என் தோட்டத்துக்கு வந்த நாளில் செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு இறங்கினார். நான் பெருமையோடு காட்டிய முழ நீள வெண்டிக்காய் ஒன்றின் நுனியை ஒடித்தார். அது ஒடியவில்லை, வளைந்தது.

"தங்கச்சி, இது மாட்டுக்குத்தான் சரி. விரல் நீளத்தில பறிக்கோணும். ஒடிச்சாச் சத்தம் கேட்கோணும்" என்றார்.

"பிஞ்சைப் பறிக்கச் சொல்றீங்களே காக்கா, பாவம் இல்லையா?" என்று வெடுக்கென்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அதுக்காக முத்த விட்டு மாலைதீவுக்காரனுக்கு விறகா அனுப்புற?" என்றார்.

இவ்வளவு கதைத்தவர் வெண்டிக்காய் சாப்பிட மாட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "வழவழ எண்டு இரிக்கி, தொண்டைக்குள்ள இறங்காது" என்று ரகசியமாகச் சொன்னார். அதை வைத்து அவரை நான் கேலி செய்யாத கூட்டம் இல்லை.

எங்கள் காயை வாங்கிய மாலைதீவு வியாபாரி நல்ல மனிதர். ஒருமுறை சங்கத்துக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டலம் கட்டி மாசிக் கருவாடு அனுப்பியிருந்தார். வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்க எங்களுக்கு எப்படி மனம் வரும்? பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் கறி வந்தாலே கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத ஆட்கள் நாங்கள். எல்லோரும் புறுபுறுத்தோம். காக்காவின் மனைவி ரமீஸா மதினிதான் வாய் விட்டுக் கேட்டார், "மாம்பழமாவது அனுப்பினா என்ன?" என்று.

காக்கா கண்டிப்பாக மறுத்துவிட்டார். பெட்டிக்குள் என்ன காய் இருக்கிறதென்று எழுதி, அதில் பூச்சி இல்லையென்று சான்றிதழ் எடுத்த பிறகுதான் அது கடல் கடக்கும். மாம்பழத்துக்குள் ஈயின் முட்டை இருந்தாலும் வெளியில் தெரியாது. அதனால் எழுதாத எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது என்றார். எல்லாப் பெட்டிகளுக்கும் பொறுப்பாகக் கையெழுத்துப் போடுபவர் அவர்தான்.

அடுத்த தடவை கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். வெண்டிக்காய்க்கு அடியில் ஐந்து மாம்பழங்கள் இருந்தன. முழுச் சரக்கையும் அழித்தார்கள். சங்கத்தின் அனுமதியை ஒரு போகத்துக்கு நிறுத்தினார்கள்.

அந்த மாம்பழங்களை வைத்தது நான்.

கூட்டம் கூடியபோது சங்கம் இரண்டாக உடையும் நிலைதான் இருந்தது. ஆலையடிவேம்புக்காரரின் வேலை என்று அவர்கள் சொல்ல, பாலமுனைக்காரரின் வேலை என்று எங்கள் ஆட்கள் சொல்ல, கதிரைகள் சத்தம் போடத் தொடங்கின. உண்மையைச் சொல்லத்தான் நான் எழுந்தேன். அதற்குள் காக்கா கையை உயர்த்தினார்.

"கையெழுத்து என்ட. பிழையும் என்ட. ஆர் வெச்ச எண்டு கேட்கிற ஆள் நாளையிலயிருந்து பெட்டி கட்ட வர வேணாம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. இன்றுவரை போகவில்லை.

அதன் பிறகு காக்கா எத்தனை முறை கொழும்புக்கு பஸ் ஏறினாரோ, எந்தெந்த அரசாங்கக் கந்தோர் வாங்கில் காத்துக் கிடந்தாரோ தெரியாது. அனுமதியோடுதான் திரும்பினார். வந்ததும் ஒரு புது ஒழுங்கு போட்டார். பாலமுனைப் பெட்டியை ஆலையடிவேம்பு ஆள் திறந்து பார்க்க வேண்டும், எங்கள் பெட்டியை அவர்கள் பார்க்க வேண்டும். ஒருவர் பெட்டிக்குள் ஒருவர் கைவிட்டுப் பார்த்ததில் சண்டை ஓய்ந்து பகிடி தொடங்கியது. பாலமுனைப் பெட்டிகளுக்குப் பரிசோதகராக அவர் நியமித்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான்.

செவ்வாய் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவரை அடக்கினார்கள். ஆட்கள் கலைந்த வீட்டில் மதினியின் பக்கத்தில் இருந்தேன். இத்தனை வருடம் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"மதினி, அண்டைக்கு அந்த மாம்பழத்தை வெச்சது நான்."

மதினி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீயா புள்ள? அவர் நான்தான் வெச்ச எண்டெல்லோ நினைச்சிட்டு இருந்தார்."

"உங்களிட்டக் கேட்டாரா?"

"கேட்டாத்தானே இல்லையெண்டு சொல்ல ஏலும்? ஒரு நாளும் கேட்கல்ல. மாம்பழக் காலம் வந்தா, பெட்டி கட்டுறதுக்கு முதல் நாள் மாம்பழக் கூடையைத் தூக்கி அலுமாரிக்கு மேல வெச்சிருவார். எனக்கு எட்டாம."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே, நான் இல்லையெண்டு?"

"சொன்னா மறுகா ஆர் எண்டு தேடுவார். தேடினா ரெண்டு ஊரும் கொழுவும். என்னோட போகட்டும் எண்டு இருந்திட்டன்."

தன் உழைப்பையெல்லாம் குலைத்தவர் என்று நம்பிய ஒருவரின் கையால் தினமும் சோறு வாங்கி உண்டு, ஒரு சொல் சொல்லாமல் வாழ்ந்திருக்கிறார் அந்த மனிதர். செய்யாத பிழையைச் சுமந்துகொண்டு அந்தச் சோற்றைப் போட்டிருக்கிறார் மதினி. இருவருக்கும் நடுவில் என் மாம்பழங்கள் இருந்திருக்கின்றன.

நிமிர்ந்து பார்த்தேன். திங்கட்கிழமை அவர் தூக்கி வைத்த கூடை அலுமாரிக்கு மேலேயே இருந்தது. எனக்கு எட்டியது. இறக்கி மதினியின் பக்கத்தில் வைத்தேன்.

காக்கா, அது மதினி இல்லை. நான்தான். இதை மட்டும் கேட்டுக்கொண்டு போய் வாருங்கள்.