மூன்று முறை கேட்காத பல்கலைக்கழகம்

என் தங்கை பிரிட்டாவுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தன. மே முதல் தேதிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று சொல்லியாக வேண்டும். ஏப்ரலில் பாதி போன பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. எது என்று கேட்டால், "ரெண்டுமே மோசமில்ல" என்பாள். வட டகோட்டாவில், எங்கள் ஹால்விக்கில், ஒன்றை அதற்கு மேல் புகழ்ந்தால் ஆளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மாவட்டச் சாலை அலுவலகத்தில் எஞ்சினியர். சர்ச்சில் காபி குடிக்கும்போது இதைச் சொன்னால் பேச்சே நின்றுவிடும், அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன். கல்லூரி சமாச்சாரம் என்றால் வீட்டில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எதையும் முடிவு செய்யாமல் எழுந்து போவார்கள்.

பிரிட்டாவுக்கு வயது பதினெட்டு. கன்று போட முடியாமல் பசு தவித்தால் அப்பா முதலில் கூப்பிடுவது இவளைத்தான். ஊர் ஆம்புலன்சுக்கான பயிற்சியை முடித்துவிட்டு வார இறுதிகளில் போய்க்கொண்டிருக்கிறாள். சம்பளம் கிடையாது. ஊரில் இருந்த கிளினிக்கை மூடிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். அவளுக்கு டாக்டராக ஆசை என்பது எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். அவள் வாயிலிருந்து மட்டும் அது வந்ததில்லை.

மருத்துவக் கல்லூரிக்குள் நேராக நுழைய முடியாது. முதலில் நாலு வருஷம் ஒரு பட்டம் படிக்க வேண்டும். அதில் வேதியியல் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சுகிறவர்கள்தான் அந்த வாசலில் போய் நிற்கலாம். ஆகவே அந்த நாலு வருஷம் எங்கே என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒன்று கிழக்கே இருக்கும் பெரிய இடம். பேரைக் கேட்டாலே எங்கள் பள்ளி முதல்வருக்குக் குரல் தழுதழுத்துவிடும். பிரிட்டாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சுற்றிக் காட்டிய பையன் பெருமையாகவே சொன்னான்: முதல் வருஷ வேதியியலில் நீ எவ்வளவு எழுதினாய் என்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறவன் உன்னைவிட எவ்வளவு குறைவாக எழுதினான் என்பதுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்குப் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்லூரிக்குச் சிபாரிசு தராது. மிச்சம் இருப்பவர்களை மட்டும் எண்ணி, எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் டாக்டர்கள் என்று விளம்பரம் செய்துகொள்ளும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் பிரிட்டா சொன்னது இவ்வளவுதான்: "கட்டடமெல்லாம் நல்லா இருந்தது."

இன்னொன்று வீட்டிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரம். அங்கே சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று கிடைத்து, மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொண்டால், அவர்களுடைய மருத்துவக் கல்லூரியிலேயே சீட்டு உறுதி. எனக்குத் தெரிந்து இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு சாயங்காலம் அந்த இடத்துக்காகவே போன் வந்தது. அடுப்பில் ஹாட்டிஷ் என்கிற கறியும் உருளைக்கிழங்கும் கலந்த பண்டம் வெந்துகொண்டிருந்தது, நாங்கள் எல்லாரும் சமையலறையில்தான் இருந்தோம். ஒதுக்கிய இடங்களில் ஒன்று உனக்குத்தான், எடுத்துக்கொள்கிறாயா என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்மணி கேட்டார். பிரிட்டாவின் முகம் சிவந்தது.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுங்க. ஆனா வேண்டாம், என்னைவிட இது அவசியப்படுறவங்க யாராவது இருப்பாங்க."

அந்த அம்மாள் அப்படியா என்றார், வருத்தம் தெரிவித்தார், நன்றி சொன்னார், வைத்துவிட்டார்.

பிரிட்டா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "வச்சிட்டாங்க," என்றாள்.

எங்கள் ஊரில் யாராவது கேக் நீட்டினால் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். மூன்றாவது தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் சின்னத் துண்டாக ஒன்று என்று வாங்கிக்கொள்வார்கள். மூன்று முறை கேட்காதவர்கள் நாகரிகம் தெரியாதவர்கள். அந்த அம்மாள் அரிசோனாக்காரராம்.

திரும்பக் கூப்பிடு என்றேன்.

"அது கேட்டு வாங்கின மாதிரி ஆயிடும், லார்ஸ்."

"கேட்டுத்தான் வாங்கணும். அது கேக் இல்லடி."

நாளைக்கு அவர்களே கூப்பிடுவார்கள் என்றார் அம்மா. அப்பா டிராக்டரைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனார். டிராக்டருக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்று பேரும் போனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வானிலை பற்றிப் பேசினார்கள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சனிக்கிழமை ஆம்புலன்சுக்கு அழைப்பு வந்தது. நானும் அதைச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறவன்தான், அன்றைக்கு ஓட்டும் முறை என்னுடையது. தானியக் கிடங்கு எல்மருக்கு நெஞ்சு வலி. வேர்த்து விறுவிறுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க போங்க. வேற யாருக்காவது வண்டி தேவைப்படும்," என்றார்.

நான் இன்னொரு முறை மரியாதையாகக் கேட்க வாயெடுத்தேன். பிரிட்டா அதற்குள் அவர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிவிட்டாள்.

"எல்மர், உங்களை நான் கேட்கல. ஏறுங்க."

ஏறினார். பிழைத்தும் கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து நான் அவளைத் திட்டித் தீர்த்தேன். அடுத்தவனுக்கு என்றால் இவ்வளவு பேசுகிறாயே, உனக்கு என்றால் நாக்கு எங்கே போகிறது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளே கூப்பிட்டாள். தொந்தரவு இல்லையென்றால், உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் என்று இழுத்துக்கொண்டே போனாள். நான் மேசையைத் தட்டினேன்.

"எனக்கு அந்த இடம் வேணும்," என்றாள்.

இடம் போய்விட்டிருந்தது. மேற்கே ஏதோ ஒரு ஊர்ப் பையன் கேட்ட மாத்திரத்தில் சரி என்றிருக்கிறான். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். முதல் வருஷ முடிவில், அங்கேயே படிக்கிறவர்களிலிருந்து இன்னும் இரண்டு பேரை எடுப்பார்கள். ஐந்து பேராசிரியர்கள் முன்னால் நின்று, தனக்கு ஏன் அந்தத் தகுதி இருக்கிறது என்று அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"நானே சொல்லணுமா?" என்று கேட்டாள் பிரிட்டா, ரத்தம் வற்றிய முகத்தோடு.

அன்றைக்கே பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கீடு இல்லாமலே சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு, கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை என்று தெரிவித்துவிட்டாள். உறுதியில்லாத இடத்துக்காக அந்தப் பெரிய பேரையா விட்டாய் என்று பள்ளி முதல்வர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் காரணம் கேட்டேன்.

"அங்க கேட்க வழியே இல்ல. இங்க கேட்டா கிடைக்கலாம்," என்றாள். அவள் வாயிலிருந்து இவ்வளவு நீளமான கருத்து வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஐந்து பேராசிரியர்கள். உனக்கு ஏன் இந்த இடத்தைக் கொடுக்க வேண்டும் என்று கேட்பேன். நேற்று நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் நல்ல டாக்டரா வருவேன்," என்றாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா சங்கடப்பட்டுக் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார்.

"ஓரளவுக்கு," என்று சேர்த்துக்கொண்டாள் பிரிட்டா.

முதலிலிருந்து ஆரம்பி என்றேன்.