எப்படி இருந்தாலும் போதும்

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் ஒரு காலை. சாயா கிளாஸை என் கையில் தர வந்த என் மனைவி சுகந்தி, தராமலே அதைக் கீழே போட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியது. சொல் வரவில்லை. இடது கை தொங்கிப்போனது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் போனேன். வழியெல்லாம் என் வாழ்க்கை இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் பூரணமாகச் சுகமான பிறகுதான் ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சபையில் சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அவளுடைய கை இன்னும் சரியாகவில்லை. எங்கள் வீடும் இன்னும் முடியவில்லை. நான் காத்திருக்கப் போவதில்லை. இப்போதே சொல்கிறேன், கேட்க மனமுள்ளவர்கள் கேளுங்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். கல்ஃபில் ஒரு கட்டிடக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தேன். கட்டி முடித்த கட்டிடத்தை ஒப்படைப்பதற்கு முன் அறை அறையாகப் போய்ப் பார்ப்பேன். எங்கே சுவர் கோணல், எங்கே டைல் ஏறி நிற்கிறது, எங்கே பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கிறது என்று பார்த்து, குறை கண்ட இடத்தில் நீல சாக்பீஸால் வட்டம் போடுவது என் வேலை. என் கண்ணுக்குத் தப்புவது லேசில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஊருக்குத் திரும்பி, குலசேகரத்துக்கு வெளியே ரப்பர் தோட்டத்தை ஒட்டிச் சொந்த வீடு கட்டினேன். சாக்பீஸும் கூடவே வந்துவிட்டது. மேல்தளம் போட்டுப் பூச்சும் முடிந்தது. கரண்டு வந்தது, கிணற்றில் நல்ல தண்ணீரும் கிடைத்தது. ஆனால் சுவரெல்லாம் நீல வட்டம். ஹாலில் போட்ட டைலை நிறம் ஒத்துப்போகவில்லை என்று பெயர்த்தெடுத்து, மறுபடி போட்டு, மறுபடியும் பெயர்த்தேன். வாசலுக்கு மணி ஆசாரி பலாமரத்தில் நல்ல கனமான கதவு செய்து கொண்டுவந்தார். கைப்பிடிக்கு மேலே மரத்தில் ஒரு கணு இருந்தது. வேறு கதவு வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன்.

"மரம்னா கணு இருக்கும்லா அண்ணே. அதுக்கு நான் என்ன செய்யட்டு?" என்று சொல்லிவிட்டுக் கதவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதுவரை நாங்கள் குடியிருந்தது சந்தைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. மழை வந்தால் அடுக்களைக்குள் ஒழுகும். சுகந்தி ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து புது வீட்டுக்கு நடந்து போவாள். வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவாள். "எப்பம் குடிபோவுதோம்?" என்று கேட்பாள். எல்லாம் முடியட்டும் என்பேன். எங்கள் பக்கம் வீட்டுப் பிரதிஷ்டை என்றால் சபை ஐயர், அதாவது போதகர், வந்து, பூட்டிய வாசல் கதவைத் திறந்து, ஜெபித்து உள்ளே போவார். சொந்தக்காரர்கள் பின்னாலேயே அறை அறையாக வருவார்கள். அவர்கள் வாயிலிருந்து ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. சாப்பிடும்போதும் அதே கவலை. முழங்காலில் நின்று கண்ணை மூடினால் டைல் இடைவெளிதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைத் தின்றது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்காமல் அவள் போய்விடுவாளோ?

தீவிர சிகிச்சைப் பிரிவில் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள். இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். பேச்சு முழுதாக வர வேண்டும், நடை பழையபடி இருக்க வேண்டும், முகம் நேராக வேண்டும், கையில் பலம் குறையக் கூடாது. ஆண்டவருக்கே வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஜெபித்தும் சமாதானம் வரவில்லை. விட்டுப்போனது ஏதும் உண்டா என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

ஒரு மாலை உள்ளே விட்டார்கள். கண்மூடிக் கிடந்தாள். மூக்கில் குழாய். முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த முகம் இப்படியே இருந்தாலும் எனக்கு இதுதான் வேண்டும் என்று தோன்றியது. பலமிருந்த கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன்:

"ஆண்டவரே, இவள எனக்குத் தாரும். எப்படி இருந்தாலும் போதும்."

அவ்வளவுதான் ஜெபம். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன். அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் என் வாயிலிருந்து வந்ததில்லை. ஒரு சுவரைப் பார்த்தும் சொன்னதில்லை, ஒரு மனிதரைப் பார்த்தும் சொன்னதில்லை. சொன்ன உடனே நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. வெளியே வந்து பெஞ்சில் சாய்ந்தவன் அப்படியே அசந்து தூங்கிவிட்டேன்.

மறுநாள் சுகந்தி கண் திறந்தாள். ஆண்டவர் திறந்தார் என்பேன். வேறு காரணம் தெரிந்தவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும். பிறகு பேச்சு வந்தது. குழறித்தான் வந்தது, ஆனால் வந்தது. கால் மெல்ல ஊன்றியது. இடது கை மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்று நல்ல மழை. கார் சந்தைப் பக்கம் திரும்பியதும் சுகந்தி என் தோளைத் தட்டினாள்.

"அங்க வேண்டாம். எனக்க வீட்டுக்குப் போவணும்."

"வாசலுக்குக் கதவு இல்ல சுகந்தி. சுவரும் அப்படியே கெடக்கு. கொஞ்ச நாள் பொறு."

அவள் ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிச் சொன்னாள். "எப்படி இருந்தாலும் போதும்னு ஜெபிச்சியளே. எனக்குக் கேட்டுது. அது எனக்கு மட்டுமா? வீட்டுக்கு இல்லியா?"

கண்மூடிக் கிடந்தவள் கேட்டிருக்கிறாள். வண்டியைத் திருப்பச் சொன்னேன். வாசலில் அவளுடைய பழைய சேலை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். அன்று வாடகை வீட்டிலிருந்து வந்தது ஒரு கட்டிலும் சாயா போடப் பாத்திரமும்தான். நீல வட்டங்களுக்கு நடுவில் படுத்து அவள் சுகமாகத் தூங்கினாள்.

அந்த ஞாயிறே பிரதிஷ்டை வைத்தேன். திறக்கக் கதவு இல்லையே என்று ஐயரிடம் சொன்னேன். "அப்பம் தெறக்குத வேல மிச்சம். உள்ள போயி ஜெபிப்போம்" என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு நுழைந்துவிட்டார். பெரிய சமையல் ஒன்றும் இல்லை, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சொந்தக்காரர்கள் வழக்கம்போல அறை அறையாகப் போனார்கள். சுகந்தியின் அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இது என்ன மாப்பிள, வீடெல்லாம் நீல வட்டம்?"

"எல்லாம் நான் கண்ட குறை மச்சான். நீங்க கண்டது வேற உண்டுன்னா, சாக்பீஸ் அந்த ஜன்னல்ல இருக்கு. வட்டம் போட்டுட்டு சாப்பிட வாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எந்தப் பேச்சுக்குப் பயந்து அவளை இரண்டு மழைக்காலம் ஒழுகுகிற அடுக்களையில் நிறுத்தினேனோ, அந்தப் பேச்சு ஒரு சிரிப்போடு போயிற்று.

கை வரவில்லையே, இது அரை அற்புதம்தானே என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நான் கேட்டது சுகந்தியை. கிடைத்தது சுகந்தி. இதில் அரை எங்கே இருக்கிறது? அவள் கைக்குப் பயிற்சி தினமும் நடக்கிறது. வந்தால் ஸ்தோத்திரம், வராவிட்டாலும் ஸ்தோத்திரம்.

கவலை இப்போதும் வரும். வரட்டும், அதற்கு எழுந்து நின்று மரியாதை செய்கிற வழக்கத்தை விட்டுவிட்டேன். மாலையில் மழை பிடித்தால் நாங்கள் இரண்டு பேரும் வாசல் படியில் உட்காருவோம். முன்பெல்லாம் மழை வந்தால் சன்ஷேடில் எங்கே தண்ணீர் கட்டுகிறது என்றுதான் பார்ப்பேன். இப்போது மழையைப் பார்க்கிறேன். ரப்பர் இலைகளில் அது விழுகிற சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. இத்தனை நாள் இது என் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது.

மணி ஆசாரியிடம் நானே போய் அந்தப் பழைய கதவைக் கேட்டேன். "கணு அப்படியேதான் இருக்கு, கேட்டியளா" என்றார். இருக்கட்டும், கொண்டுவந்து மாட்டுங்கள் என்றேன். மாட்டிவிட்டார்.

எல்லாம் சரியாகட்டும் என்று சந்தோஷத்தைப் பூட்டி வைத்திருக்கிறவர்களே, நான் சொன்ன அந்தச் சின்ன ஜெபத்தை நீங்களும் சொல்லிப் பாருங்கள். ஆண்டவர் கேட்கிறார். நம்பிக்கை வரவில்லை என்றால் குலசேகரம் பக்கம் வரும்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சுகந்தியிடமே கேட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கதவு கொஞ்சம் பிடிக்கும். தோள் கொடுத்துத் தள்ளினால் திறக்கும். சுகந்தி அப்படித்தான் திறக்கிறாள்.