பத்து லீற்றர் டீசலும் ஒரு ஃபைபர் போட்டும்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. மாரி மழை விட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. வாழைச்சேனையிலிருந்து வவுணதீவுக்கு ஒரு ஃபைபர் போட்டை ட்ரெய்லரில் ஏற்றி, பின்பெட்டி வைத்த என் கெப் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்து வந்தேன். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் பாதைதான். அதில் நான் பட்ட வெட்கம் கொழும்பு வரைக்கும் நீளும்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்துக்குப் பிறகு என்னைப் பிடித்த வியாதி அது. நான் வாங்கிய பழைய கெப்பில், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று காட்டும் ஒரு சின்னத் திரை இருந்தது. றோட்டைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பேன். கல்யாண வீடோ செத்த வீடோ, எங்கே போனாலும் என் பேச்சு “லீற்றருக்குப் பன்னிரண்டு” என்பதில் வந்து நிற்கும். வேலை செய்யும் கந்தோரில் என்னைக் கண்டதும் பலருக்கு அவசர வேலை வந்துவிடும்.

போட் என் தங்கையின் கணவருக்கு உரியது. மச்சான் ஒன்பது வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்தவர். இனிப் போவதில்லை, மட்டக்களப்பு வாவியில் இறால் பிடிக்கப் போகிறேன் என்று ஆவணியில் ஒரு பழைய போட்டை வாங்கினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. போட் விற்றவரின் வளவிலேயே தறப்பாள் போட்டு மூடிக் கட்டிக் கிடந்தது. மச்சானின் தாயார், எனக்கு மாமி முறை, நேரில் போய் அந்தத் தறப்பாளின் முடிச்சில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கட்டிவிட்டு வந்தார். தண்ணீரில் இறக்கும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது. அவ்வளவு நாவூறு, கண்ணூறுப் பயம்.

நாளும் அவர்தான் பார்த்தார். அந்தப் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குவதற்கு முன் போட் தண்ணீரைத் தொட வேண்டும். “நேரம் தப்பிச்செண்டா இந்தத் தொழில் நமக்கு வேணாம் மனே. நீ கட்டாருக்கே போ” என்று மகனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார். மாமி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். காலையில் தங்கை என்னைத் தனியே கூப்பிட்டு, “எப்பிடியாவது நேரத்துக்குக் கொண்டு வந்திருங்க அண்ணன்” என்றபோது அவள் குரல் உடைந்தது. ஒன்பது வருடம் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள். நானோ அவளிடம், போய்வர பத்து லீற்றர் டீசலே தாராளம் என்று பெருமை அடித்துவிட்டு, மச்சானையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வாழைச்சேனையில் ட்ரெய்லரைக் கொழுவி எடுத்ததுமே வாகனம் முக்கியது. திரையில் பன்னிரண்டு பத்தானது. கிரான் தாண்டும்போது எட்டு. திரையை விரலால் தட்டிப் பார்த்தேன்.

“காத்து எதிர்க்குது” என்றேன்.

“காத்து பின்னாலதானே மச்சான் அடிக்குது” என்றார் அவர்.

வாடைக்காற்று முதுகில்தான் தள்ளிக்கொண்டிருந்தது. ஆனால் என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. டீசலில் கலப்படம் என்றேன். ஏசியை நிறுத்தினேன். கண்ணாடி திறந்திருந்தால் காற்றுப் பிடிக்கும் என்று அதையும் ஏற்றிவிடச் சொன்னேன். இரண்டு பேரும் உள்ளே புட்டு மாதிரி அவிந்தோம். பிறேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல் ஒரு உதை வந்தது. ட்ரெய்லர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் விளக்கம் கொடுத்தேன். நான் அதற்கு முன் வாழ்க்கையில் ட்ரெய்லர் இழுத்ததே இல்லை.

சித்தாண்டியில் திரை ஆறு காட்டியது. வாகனத்தை நிறுத்தி, பாரம் குறைக்கும் வேலையில் இறங்கினேன். பின்பெட்டியில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளையும் ஒரு மூட்டைத் தேங்காயையும் தெரிந்த வீடொன்றில் இறக்கி வைத்தேன். மச்சான் காலையில் ஏழு இடியப்பம் சாப்பிட்டதைச் சொல்லிக் காட்டினேன். அவர் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்து, “அதையும் குடிச்சு முடிங்க” என்றேன். குடித்தாலும் அந்தப் பாரம் வாகனத்துக்குள்தானே இருக்கும் என்று அவர் கேட்கவில்லை. தங்கமான மனிதர்.

செங்கலடியில் டீசல் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏறாவூரை நெருங்கும்போது ட்ரெய்லர் டயர் இரண்டும் சப்பளிந்து கிடப்பதைக் கண்ணாடியில் பார்த்து, ஒரு டயர்க் கடை வாசலில் ஒதுக்கினேன். நேரம் பத்தே முக்கால். கடைக்காரர் என்னைவிட இளையவர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். டயரைப் பார்த்தார். போட்டைப் பார்த்தார். விரலை மடக்கிப் பக்கவாட்டில் தட்டினார்.

“உள்ளுக்க என்னத்தை ஏத்தியிருக்கீங்க அண்ணன்?”

“ஒண்டுமில்ல, வெறும் போட்.”

அவர் மறுபடி தட்டிவிட்டு, தறப்பாளைத் தொட்டார். மச்சான் பதறி, அம்மா அவிழ்க்கக் கூடாது என்று சொன்னதைச் சொன்னார். “அவிழ்க்க மாட்டன்” என்று சொல்லி கடைக்காரர் ஓரத்தை மட்டும் தூக்கினார். உள்ளே இருந்து ஒரு தவளை பாய்ந்து என் சட்டைப் பையில் மோதி விழுந்தது.

போட் நிறையத் தண்ணீர். தறப்பாளின் முன்பக்கக் கிழிசல் வழியாக ஒரு மாரி மழை முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. ஆசனப் பலகைகள் முங்கி, நுளம்புக் குடம்பிகள் புழுப்புழுவாக நெளிந்துகொண்டிருந்தன. நான் டீசலை எரித்து, வியர்த்து, மச்சானின் இடியப்பத்தை எண்ணி, வாவிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் சிரித்துச் சிரித்து ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். “என்ட வாப்பாட காலத்துல இருந்து இந்த றோட்டால போட் போகுது. தண்ணியோட போறது இதுதான் முதல்” என்றார். பிறகு எழுந்து, போட்டின் அடியில் தண்ணீர் வடிய விடுவதற்கென்று இருந்த துளையின் பித்தளை அடைப்பானை ஸ்பானர் சாவி போட்டுத் திருகிக் கழற்றினார். தண்ணீர் பீறிட்டது. களிம்பு பிடித்திருந்த அடைப்பானைத் துடைத்துத் தருகிறேன் என்று மேசையில் வைத்தார். அயல் கடைக்காரர்கள் வாளிகளோடு வந்து அள்ளி ஊற்றினார்கள். அவருடைய வாசல் குளமானது. அவரும் ஒரு வாளியோடு இறங்கினார்.

பதினொன்று பத்துக்கு போட் காலியானது. டயருக்குக் காற்று அடித்து முடிந்ததும் நான் ஒரே பாய்ச்சலாக ஏறி வாகனத்தை எடுத்தேன். பாரமே தெரியவில்லை. திரையில் எண் மெல்ல மெல்ல ஏறியது. எரிபொருள் நிலையத்தைக் கண்டும் நிற்காமல் போனேன். இனி என்னத்துக்கு?

மட்டக்களப்பு நகரத்தைத் தாண்டி வலையிறவுப் பாலத்துக்கு வரும்போது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் விடாமல் ஹோர்ன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் அதே கடைக்காரர். வழியனுப்ப இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். மச்சான் நிறுத்தச் சொன்னார். நிறுத்தி மறுபடி எடுத்தால் எவ்வளவு டீசல் போகும் தெரியுமா? கண்ணாடியை இறக்கி, சிரித்துக் கையைக் காட்டிவிட்டு நேரே போனேன். பாலம் தாண்டியதும் அவரைக் காணவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மாமியும் தங்கையும் காத்திருந்த வவுணதீவுக் கரையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தறப்பாளை அவிழ்த்து, போட்டை வாவியில் தள்ளினோம். தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். மச்சான் முதலில் ஏறினார். அவர் முகம் மாறியதை நான்தான் முதலில் கண்டேன். சட்டென்று குந்தி, அடியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். அடைப்பானை ஏறாவூரில் மேசையிலேயே விட்டு வந்திருந்தோம்.

“என்ன மனே செய்றாய்?” என்றார் மாமி, கரையிலிருந்து.

மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கணுக்கால்வரை தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. “ஃபைபர் போட்டுக்கு அப்பிடித்தான் மாமி. முதல்ல தொட்டுக் கும்பிட வேணும்” என்றேன் நான். அந்த நேரத்திலும் என் வாய் விளக்கம் கொடுத்தது. தங்கைக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கட்டார் விமானமே தெரிந்தது. நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த ஹோர்ன் சத்தம் மறுபடி கேட்டது. வேர்த்து விறுவிறுத்து, மோட்டார் சைக்கிளை வரம்பில் சாய்த்துப் போட்டுவிட்டு டயர்க் கடைக்காரர் ஓடி வந்தார். பாலத்தில் பெட்ரோல் மட்டுப்பட்டு பைக் நின்றுவிட்டதாம். குழாயைத் திருப்பி, அடியில் மிஞ்சிய றிசேவில் போட்டு, போட் இழுத்துப் போன கெப் எந்தப் பக்கம் போனது என்று வழி நெடுக விசாரித்து வந்திருக்கிறார். “நான் ஹோர்ன் அடிக்க அடிக்க நீங்க கையைக் காட்டிட்டுப் போறீங்களே அண்ணன்!” என்று சொல்லிக்கொண்டே சாரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அடைப்பானைத் திருகி இறுக்கினார். துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

மாமிக்கு எல்லாம் விளங்கியதா என்று இன்றுவரை தெரியாது. “நல்ல நேரத்தில வந்த புள்ள” என்று கடைக்காரர் கையில், பூசைக்குப் பொங்கிய முதல் புக்கையைக் கொடுத்தார். மச்சான் கட்டாருக்குப் போகவில்லை. இப்போதும் அதே போட்டில் இறால் பிடிக்கிறார்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அந்த மனிதர் நனைந்த சாரத்தைப் பிழிந்துகொண்டு கரையில் நின்றபோது, நான் பக்கத்தில் போய்ச் சொன்ன முதல் வார்த்தை நன்றி அல்ல. “உங்கட பைக் லீற்றருக்கு எத்தின ஓடும்?” என்று கேட்டேன். வாய் பழகிவிட்டது. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “தெரியா அண்ணன், நான் பார்த்ததில்ல” என்றார், கேலி இல்லாமல். அதற்குப் பிறகு நான் சொன்ன நன்றி எனக்கே அற்பமாக இருந்தது.

இப்போதெல்லாம் பின்னால் யாராவது ஹோர்ன் அடித்தால் உடனே ஓரமாக நிறுத்திவிடுகிறேன். பெரும்பாலும் முந்திப் போகத்தான் அடித்திருப்பார்கள், முறைத்துவிட்டுப் போகிறார்கள். போகட்டும், எனக்காகவே பின்னால் ஓடி வந்த ஒருவருக்குக் கையைக் காட்டிவிட்டுப் போன ஆளாக இன்னொரு முறை இருக்க என்னால் முடியாது.